ஒரு பக்கம் அளந்தால் போதும்

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் "அரை இன்ச்". முகத்துக்கு நேரே மட்டும் "மாஸ்டர்". இருபத்தெட்டு வருடமாக ஒரே தையற்கடையில் ஒரே மேஜைக்கு முன்னால் நின்று பேண்ட் துணி வெட்டியவர். தைக்கிறவர் எங்காவது அரை இன்ச் தள்ளித் தைத்துவிட்டால் அன்றைக்குக் கடையில் யாரும் நிம்மதியாக டீ குடிக்க முடியாது. மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அந்தக் கோபம் துணியையும் அளவையும் தாண்டிப் போகாது. வீட்டில் சாப்பாட்டில் உப்பே இல்லாவிட்டாலும் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

வாடிக்கையாளரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டார். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தபால்காரர், பேண்ட்டின் இடது கால் மட்டும் தொளதொள என்று இருக்கிறது, நடக்கும்போது துணி சுற்றிக்கொள்கிறது என்று மூன்று தடவை வந்து நின்றார். மாஸ்டர் அளவு நோட்டைத் திறந்து அவர் மூக்குக்குக் கீழே நீட்டினார். "அளவு பொய் சொல்லாதுங்க. எல்லாம் உங்க மனசுலதான் இருக்கு" என்று அனுப்பிவைத்தார். கடையில் இருந்தவர்கள் அதை ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் எட்டு மாதமாகத் தன் காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

கடையின் மாடியில் துணி அடுக்கும் அறை இருக்கிறது. ஏறிப்போகப் பதினான்கு படி. ஆறாவது படியின் ஓரம் உடைந்து கிடந்ததை முதலாளியிடம் நான்கு தடவை சொல்லியாகிவிட்டது. ஒருநாள் தோளில் துணிக்கட்டோடு இறங்கும்போது அதே ஆறாவது படியில் இடது கால் வழுக்கியது. தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் நீளமாக ஒரு கம்பியை விட்டு, மேலேயும் கீழேயும் ஸ்க்ரூ வைத்து முடுக்கினார்கள். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். முடிந்தது என்னவோ அவர்களுக்குத்தான்.

மாஸ்டருக்கு அங்கிருந்துதான் ஆரம்பம். முதல் மூன்று மாதம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வலியோடு இருந்தார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. உடைந்த எலும்பு வலிக்காமல் என்ன செய்யும். ஆனால் வாக்கரை விட்டு, கைத்தடிக்கு வந்து, அதற்கும் மேலே ஐந்து மாதம் ஓடிவிட்டது. இன்னும் முட்டிக்கு மேலே பிடித்துப் பிழிகிற மாதிரி வலி. பத்து நிமிடம் நின்றால் தொடை கிடுகிடுவென்று நடுங்கியது. வீட்டுப் படி இறங்கும்போது முட்டி சொல்லாமல் கொள்ளாமல் மடங்கியது. இரண்டு தடவை கைப்பிடிச் சுவரைப் பிடித்துத் தப்பினார். மூன்றாவது தடவை பால் பாத்திரத்தோடு உட்கார்ந்தே இறங்கினார்.

பெரிய டாக்டரிடம் மாதம் தவறாமல் போனார். டோக்கன் வாங்கி, மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போனால் இரண்டு நிமிடம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டுவார். தலையைச் சாய்த்து ரசித்துப் பார்ப்பார்.

"எலும்பு அருமையா சேர்ந்திருக்கு. இனிமே என்ன, நடங்க."

"நடந்தா வலிக்குதுங்க டாக்டர்."

"பெரிய ஆபரேஷன் இல்லையா, கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்."

அடுத்த மாதம்: "படி இறங்கறப்ப முட்டி விட்டுடுதுங்க."

"பயம். விழுந்த பயம் மனசுல இருக்கு. அது போயிடுச்சுன்னா எல்லாம் சரியாயிடும்."

படத்தைப் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட பேண்ட்டைக் கழற்றுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த அறையில் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்பதே அந்தப் படத்துக்குத் துணையாகத்தான். படம் தானாக நடந்துவர முடியாதே, அதைத் தூக்கிக்கொண்டுவர ஒரு ஆள் வேண்டுமே.

அந்த நடைபாதையிலேயே, பெஞ்சுக்கு எதிரே, உடற்பயிற்சி அறை இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் மாஸ்டர் எட்டிப் பார்ப்பார். கணுக்காலில் மணல் பை கட்டிக்கொண்டு ஒருவர் காலைத் தூக்குவார். ஒரு அம்மாள் மரப்படியில் ஏறி இறங்குவார். நமக்கும் இது வேண்டும் போலிருக்கிறதே என்று ஆறாவது தடவை போனபோது வாய்விட்டே கேட்டார். அந்த அறைக்குப் பெரிய டாக்டர் சீட்டு எழுதித் தரவேண்டும்.

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "உங்களுக்கு அதெல்லாம் தேவையில்ல. அளவெல்லாம் நார்மலா இருக்கு. நான் வேலைக்குப் போகலாம்னு சீட்டு தர்றேன், போதுமா?"

தந்தேவிட்டார். அந்தச் சீட்டுதான் வினையாகப் போனது.

முதலாளி அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். எட்டு மாதமாக வெட்டுகிற வேலைக்கு வெளியாள் வைத்து அவருக்கும் கை கடித்திருந்தது.

"மாஸ்டர், டாக்டரே சரியாயிடுச்சுன்னு எழுதியிருக்காரு. நீங்க நிக்க முடியலங்கறீங்க. நான் யாரை நம்புறது? மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். நின்னு வெட்டினீங்கன்னா மேஜை உங்களோடது. இல்லன்னா வேற மாஸ்டரை நிரந்தரமா போட்டுத்தான் ஆகணும்."

பேண்ட் வெட்டுகிற வேலையை உட்கார்ந்து செய்ய முடியாது. மேஜையைச் சுற்றி வரவேண்டும், குனிய வேண்டும், ஒரு காலில் பாரம் போட்டு மறுபக்கம் எட்ட வேண்டும். அந்த மேஜை போனால் மாஸ்டருக்கு வேறு எதுவும் தெரியாது. அதுகூடப் பரவாயில்லை. பொய்யன் என்ற பெயரோடு போகவேண்டும். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வீட்டிலும் காற்று மாறிவிட்டது. மனைவியின் தம்பி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவன்தான், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. எட்டு மாசம் படுத்து உடம்பு சொகம் கண்டுடுச்சு. கொஞ்சம் தைரியமா கால ஊனுங்க. டாக்டரை விட நமக்கா தெரியும்?"

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அன்றைக்கு மாஸ்டருக்குத் தொடை வலித்ததைவிட அது அதிகமாக வலித்தது.

மறுநாள் காலையில் குளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பேண்ட்டை மாட்டினார். தன் கையால் வெட்டித் தைத்த பேண்ட். எழுந்து நின்றபோது கண்ணாடியில் பார்த்தார். வலது கால் பக்கம் துணி சரியாக விழுந்திருந்தது. இடது பக்கம் காற்று போன மாதிரி தொங்கியது. நான் வெட்டின துணி இப்படி விழாதே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் டாக்டர் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. அளவெல்லாம் நார்மல். எந்த அளவு? யார் அளந்தது? எப்போது அளந்தார்கள்?

பேண்ட்டைக் கழற்றினார். அலமாரியைத் திறந்து இன்ச் டேப்பையும் சாக்கட்டியையும் எடுத்தார். இரண்டு முட்டியிலிருந்தும் நான்கு விரல்கடை மேலே அளந்து, இரண்டு தொடையிலும் ஒரே உயரத்தில் கோடு போட்டார். மனைவியைக் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, டேப்பை நான் பிடிக்கிறேன். நம்பரை நீ படி. நான் படிச்சா என் கண்ணு எனக்குச் சாதகமா படிக்கும்."

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். ஆஸ்பத்திரிக் கணக்கு சென்டிமீட்டரில் இருக்கும் என்று டேப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பிடித்திருந்தார்.

"நாப்பத்திநாலு" என்றாள். வலது கால்.

இடது காலில் டேப்பைச் சுற்றினார். அவள் படித்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் படித்தாள்.

"முப்பத்தொம்பதரை."

நான்கரை சென்டிமீட்டர். ஒன்றேமுக்கால் இன்ச். அரை இன்ச்சுக்குக் கடையையே தலைகீழாகப் புரட்டுகிற மனிதரின் உடம்பிலிருந்து ஒன்றேமுக்கால் இன்ச் காணாமல் போயிருக்கிறது. எட்டு மாதமாக ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மனைவி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, நானும்கூட..." என்று ஆரம்பித்தவள் அந்தச் சூம்பிய தொடைமேல் கையை வைத்தாள். நானும்கூட என்ன என்று மாஸ்டர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

அடுத்த டோக்கனுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. அவர் மறுநாளே போனார். கடைக்குப் போகிற மாதிரி கழுத்தில் டேப்பை மாலையாகப் போட்டுக்கொண்டு, பையில் சாக்கட்டியோடு போனார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக டேப் கழுத்தில் ஏறியதில் அவருக்கு நடையே கொஞ்சம் நிமிர்ந்தது. மைத்துனன் ஆட்டோவை ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வந்தான்.

பெரிய டாக்டர் அறைக்கு முன்னால் ஒரு சின்ன அறை. ஃபைல் எழுதுகிற சின்ன டாக்டர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். இருபத்தைந்து வயதிருக்கும், தூக்கம் கெட்ட கண்.

"என் ஃபைலை எடுங்க தம்பி. அதுல தொடை அளவு எழுதியிருக்கும். எவ்வளவுன்னு சொல்லுங்க."

அவர் புரட்டினார். ஆறு பக்கம், ஆறு தேதி. மாஸ்டர் மேஜைமேல் குனிந்து தானே படித்தார். வலது 44, இடது 44. வலது 44, இடது 44. ஆறு தடவையும் அதேதான். மாஸ்டருக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரே ஆளை இரண்டு மாதம் கழித்து அளந்தாலே கால் இன்ச் ஏறும், இறங்கும். கம்பி வைத்த கால் எட்டு மாதம் நூல் பிசகாமல் நின்றதாம்.

"இதை யார் அளந்தது?"

"நான்தான்."

"எப்போ? நீங்க இந்த மேஜைய விட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லையே."

சின்ன டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க அட்மிட்டா இருந்தப்ப அளந்தேன் சார். அந்தக் கால்ல அப்ப கட்டு இருந்துச்சு. அதனால நல்ல காலை அளந்து எழுதினேன். ரெண்டும் ஒண்ணுதானே, ஒரு பக்கம் அளந்தா போதும்னு..."

"அப்புறம்?"

"அதைப் பாத்து எழுதிட்டேன்."

ஒரு பக்கம் அளந்தால் போதும். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று ஒரு நொடி மாஸ்டருக்குத் தட்டியது. ஆனால் அவர் இருந்த கொதிப்பில் அது நிற்கவில்லை. பெரிய டாக்டரின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். வாசலில் நின்ற உதவியாளர் "டோக்கன், டோக்கன்" என்று பின்னால் வந்தார்.

பேண்ட்டைக் கழற்றினார். உள்ளே அரைக்கால் டிரவுசர் போட்டுத்தான் வந்திருந்தார். பரிசோதனைக் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, சாக்கட்டியால் கோடு கிழித்து, டேப்பைச் சுற்றினார்.

"படிங்க டாக்டர்."

பெரிய டாக்டர் படித்தார். விளக்குப் பெட்டியில் மாட்ட முடியாத ஒன்றை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு நாற்காலிக்குப் போய்ப் பயிற்சி அறைக்குச் சீட்டு எழுதினார்.

"மசில் நல்லாவே குறைஞ்சிருக்கு. முன்னாடியே சொல்லியிருக்கலாமே நீங்க."

கேட்டீர்களா அந்த நியாயத்தை. மாஸ்டருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"சொன்னேன் டாக்டர். ஆறு தடவ சொன்னேன். பயம்னு சொன்னது நீங்க."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். அடுத்த டோக்கனைக் கூப்பிடச் சொன்னார்.

பயிற்சி அறையில் பயிற்சி கொடுக்கும் அம்மா சீட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு முதலில் செய்தது தொடையில் கை வைத்து அழுத்தியதுதான். "இப்ப முட்டியக் கட்டில்ல அழுத்துங்க" என்றார். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். தொடை லேசாகத் துடித்தது, அவ்வளவுதான்.

"எட்டு மாசமா? இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?"

மாஸ்டர் திறந்திருந்த கதவு வழியாகக் கையைக் காட்டினார். "அதோ, அந்த பெஞ்சுல."

அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு எளிமையாகச் சொன்னார். எலும்பைச் சரியாக வைத்துவிட்டால் அது பாட்டுக்குச் சேர்ந்துகொள்ளும். தசை அப்படியில்லை, வேலை கொடுத்தால்தான் இருக்கும். வலிக்கிறது என்று காலைக் காப்பாற்றிக் காப்பாற்றி நடந்தால் தசை இளைக்கும். இளைத்த தசை பாரம் தாங்காமல் இன்னும் வலிக்கும். "பயத்துல முட்டி மடங்கலீங்க. பிடிச்சு நிறுத்த அங்க ஆள் இல்ல."

மாஸ்டர் அந்த வார்த்தையைக் கேட்டு அழுதுவிட்டார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், அரைக்கால் டிரவுசரோடு, முன்பின் தெரியாத ஒரு பெண் முன்னால். வலியால் இல்லை. ஒருத்தர் நம்பிவிட்டார், அதனால்.

தினமும் போனார். முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, மணல் பையைத் தூக்குவது, சுவரில் முதுகைச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது. நோவு இல்லாமல் இல்லை. ஆனால் எதற்காக நோகிறது என்று தெரிந்த நோவு. ஞாயிற்றுக்கிழமைதோறும் மனைவி டேப்பைப் படித்தாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நாற்பது வந்தது. மைத்துனன் மணல் பை தைத்துக் கொடுத்தான். மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை, பை மட்டும் இரண்டு.

மாசக் கடைசியில் அந்த அம்மா ஒரு கடிதம் எழுதித் தந்தார். இன்னும் நான்கு மாதம் பயிற்சி வேண்டும், இப்போதைக்கு அரை மணிக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது என்று. முதலாளி கண்ணாடி போட்டுப் படித்தார்.

"எழுதிக் குடுத்திருக்காங்கல்ல, அப்ப சரி மாஸ்டர். ஒரு உயரமான ஸ்டூல் போட்டுக்கலாம். இதை முன்னாடியே காட்டியிருந்தா நான் ஏன் அப்படிப் பேசப்போறேன்."

காகிதம் சொன்னால் சரி. கால் சொன்னால் சாக்கு. மாஸ்டர் இதை வெளியே சொல்லவில்லை. மாடிப்படியைப் பார்த்தார். ஆறாவது படி இன்னும் உடைந்தேதான் கிடந்தது. "முதல்ல அதைச் சரி பண்ணுங்க. இல்லன்னா அதுக்கும் யார்கிட்டயாவது எழுதி வாங்கிட்டு வரணுமா?" என்றார். மறுநாள் கொத்தனார் வந்தார்.

மேஜைக்குத் திரும்பிய முதல் வாரம். மாஸ்டர் ஒருவருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். இடுப்பு, சீட், பிறகு வழக்கப்படி வலது பக்கம் குனிந்து தொடை, முட்டி, பாட்டம். எழுந்தார். வாடிக்கையாளர் கேட்டார், "இந்தக் கால் வேண்டாமா?"

"ஒரு பக்கம் அளந்தா போதுங்க, ரெண்டும்..."

வாய் அப்படியே நின்றுவிட்டது.

தோள் என்றால் ஒன்று இறங்கியிருக்கும் என்று எந்தத் தையற்காரருக்கும் தெரியும், இரண்டையும் பார்ப்பார்கள். காலை மட்டும் ஒன்றுதான் அளப்பார்கள். இருபத்தெட்டு வருடமாக அவரும் அப்படித்தான். எத்தனை ஆயிரம் கால். அவருக்கு ஒரே ஒரு ஆளின் முகம்தான் வந்தது. வந்தவரை அனுப்பிவிட்டுப் பழைய அளவு நோட்டுகளை இறக்கச் சொன்னார். மூன்று வருடத்துக்கு முந்தைய நோட்டு. தபால்காரரின் பக்கம் கிடைத்தது. தொடைக்கு ஒரே எண். அதற்குக் கீழே மாஸ்டரின் சொந்தக் கையெழுத்தில், சிவப்புப் பேனாவில்: "குறை ஒன்றும் இல்லை. மனப்பிரமை."

அந்த நோட்டை அவர் மூடவேயில்லை. தபால்காரர் தினமும் பதினோரு மணிக்கு அந்தத் தெருவில் வருகிறவர்தான். மூன்று வருடமாகக் கடைக்குள் கால் வைக்காமல், கடிதத்தை வாசல் மேஜையிலேயே போட்டுவிட்டுப் போகிறவர். அன்றைக்கு மாஸ்டர் வாசலில் நின்று காத்திருந்தார்.

"கொஞ்சம் உள்ள வாங்க. உங்களுக்கு அளவெடுக்கணும்."

"நான் ஒண்ணும் தைக்கக் குடுக்கலையே மாஸ்டர்."

"குடுத்தீங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி. இடது கால்ல உங்களுக்கு என்ன ஆச்சு?"

தபால்காரர் பையை இறக்கிவைத்தார். "சைக்கிள்ல போறப்ப வண்டி இடிச்சுடுச்சு. ஆபரேஷன் பண்ணாங்க. எலும்பு சேர்ந்துடுச்சு, போன்னாங்க. கால் மட்டும் அப்படியே இளைச்சுப் போச்சு. வலிக்குதுன்னா யாரும் காதுல போட்டுக்கல. பேண்ட்டாவது சரியா இருக்கட்டுமேன்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

மாஸ்டர் கஷ்டப்பட்டுத் தரையில் ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்தார். வலது தொடையை அளந்தார். பிறகு இடது தொடைக்கு டேப்பைக் கொண்டுபோனபோது விரலில் ஏதோ குத்தியது. பேண்ட்டின் உள்பக்கம் துணியை மடித்து இரண்டு ஊக்கு போட்டிருந்தது. துருப்பிடித்த ஊக்கு.

"அது ஒண்ணுமில்ல மாஸ்டர். அளவு சரிதான்னு நீங்களே நோட்டைக் காட்டிச் சொல்லிட்டீங்க. அப்புறம் யார்கிட்ட போய்ச் சொல்றது? அப்பப்ப சதையில குத்தும். பழகிடுச்சு."

மாஸ்டருக்கு வந்த கோபம் எட்டு மாதத்தில் யார் மேலும் வராத கோபம். திட்டுவதற்கு எதிரே ஆளில்லை. ஊக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன மாஸ்டர், இனிமே எல்லாருக்கும் ரெண்டு காலும் அளக்கப் போறீங்களா? நேரம் ஆகுமே."

"ஆகட்டும்" என்றார் மாஸ்டர். தரையிலிருந்து எழ அவருக்கு முடியவில்லை. தபால்காரர் கை கொடுத்தார்.